மனம் சரியில்லாதவர்களின் கூடாரம்

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். ரீம் லீடர், அதாவது குழுத் தலைவர், ஒவ்வொருவரிடமும் போய் "சுகமோ?" என்று கேட்க வேண்டும். காய்ச்சல், தடிமனைப் பற்றிய கேள்வி அல்ல அது. வீட்டில் சண்டை, பிள்ளைக்கு வருத்தம், இரவெல்லாம் நித்திரை இல்லை, யார் மேலாவது ஆத்திரம் என்று எதுவாக இருந்தாலும் "மனம் சரியில்லை" என்று சொன்னால் போதும். அன்றைக்கு அவர் வெடி எடுக்கப் போகமாட்டார். முதலுதவிக் கூடாரத்தில் இருந்து போத்தல்களில் தண்ணீர் நிரப்புவார், எல்லைக் குச்சிகளுக்குச் சிவப்பு மை பூசுவார். ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது.

நாங்கள் செய்தது மிதிவெடி அகற்றும் வேலை. சண்டை முடிந்து, சனம் முகாம்களிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் திரும்பிக்கொண்டிருந்த காலம். காணிக்குச் சொந்தக்காரர் காணியின் வேலிக்கு வெளியே தகரக் கொட்டில் போட்டுக் காத்திருக்க, நாங்கள் உள்ளே முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருப்போம். உள்ளங்கை அகலத்தில் ஒரு சாமான் மண்ணுக்குள் படுத்திருக்கும். அதற்கு முன்னால் இருக்கிறவருக்கு மாமியார் நினைப்பு வந்தால் கை போய்விடும். அதனால்தான் அந்த வழக்கம். சட்டப் புத்தகத்தில் அது இல்லை. குழுவுக்குள் பிறந்தது.

நான் அந்தக் குழுவுக்கு ரீம் லீடராகப் போனபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சிறு பிள்ளையாக வள்ளத்தில் ஏறி இராமேஸ்வரம் போனவள். அங்கே முகாமில் படித்து வளர்ந்து, அப்பா அம்மாவோடு திரும்பி வந்து மன்னார் உப்புக்குளத்தில் வாடகை வீட்டில் இருந்தேன். வேறொரு குழுவில் வெடி எடுத்து நன்றாகப் பழகியிருந்தேன். ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வரும். அதற்காகவே என்னைத் தூக்கி அந்தக் கதிரையில் வைத்தார்கள்.

அந்தக் கதிரைக்கு ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார். தாழ்வுபாடு என்ற கடற்கரை ஊர்க்காரர், ஐம்பதை நெருங்கியவர். முன்பு கடற்றொழில் செய்தவர். சண்டையில் வள்ளமும் போய் வலையும் போன பிறகு இந்த வேலைக்கு வந்து, குழு தொடங்கிய நாளிலிருந்தே இருந்தவர். பழைய ரீம் லீடர் விலகியதும் இனி இவர்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் நினைத்தார். அவருடைய மனைவி ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேருக்குச் சொல்லியும் விட்டாராம். இப்படி ஊரே அறிந்த பிறகு வாகனத்திலிருந்து நான் இறங்கினேன். அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

முதல் நாளே பணிவாகத்தான் பேசினேன். "அண்ணை, நீங்கள்தான் எனக்கு எல்லாம் சொல்லித் தரவேணும்" என்றேன்.

"நாங்கள் என்னத்தைச் சொல்லித் தாறது மேடம்? வள்ளம் ஏறிப் போனவை திரும்பி வந்து எங்களுக்கு நடக்கப் பழக்கினம். பழகுறம்" என்றார் அவர்.

குழு கொல்லென்று சிரித்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிற சாமான். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் சேர்ந்து இளித்து வைத்தேன். அந்த 'மேடம்' அன்றோடு ஒட்டிக்கொண்டது. அவர் சொன்னதால் மற்றவர்களும் சொன்னார்கள்.

அவர் தாழ்வுபாட்டிலிருந்து மன்னார் வரை சைக்கிளில் வந்து, எங்களோடு வாகனத்தில் ஏறி சிலாவத்துறைப் பக்கம் வருவார். முன்னர் சாரதிக்குப் பக்கத்துச் சீட்டு அவருடையதாக இருந்ததாம். "அண்ணை, நீங்கள் முன்னுக்கு இருங்கோ" என்றேன். "அது ரீம் லீடரின்ரை இடம்" என்று பின்னால் ஏறினார். நானும் விடவில்லை, பின்னால் ஏறினேன். ஆக முன் சீட்டில் தண்ணீர்க் கலன் தனியாக, சொகுசாக, தினமும் பயணம் செய்தது. சாரதி எங்கள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

அவர் வேலையில் கள்ளம் செய்தவர் அல்ல. சொன்னதைச் செய்வார். சொல்லாததை மட்டும் செய்யமாட்டார். ஆபத்தான இடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த நாடாவை ஒருநாள் ஆடுகள் இழுத்து அறுத்துவிட்டன. அவர் அதைத் தாண்டி வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நாடா அறுந்து கிடக்கு. கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"பிறகேன் கட்டேல்லை?"

"மேடம் சொல்லேல்லையே."

இப்படி ஒரு மனிதனோடு என்ன செய்வது? வைதால் வையலாம், எதற்காக வைவது? ஆடுகள் போன்ற சின்ன விடயங்கள்தான். ஆனால் எங்கள் வேலையில் சின்ன விடயம் என்று ஒன்று கிடையாது. குழுவில் பாதிப்பேர் அவர் முகத்தைப் பார்த்த பிறகே நான் சொன்னதைச் செய்தார்கள்.

மன்னார்க் கந்தோரில், அதுதான் அலுவலகத்தில், எங்கள் மனேச்சர் இருந்தார். அவர் காதுக்கும் எப்படியோ கதை போயிருந்தது. "அந்த ஆள் உனக்கு அடங்காட்டி ஒரு சொல் சொல்லு. அடுத்த நாள் அனுப்பி விடுறன்" என்றார். அன்றிலிருந்து அந்த ஒரு சொல் என் வாய்க்குள் கிடந்தது. அந்த மனிதருக்குத் திரும்பிப் போக வள்ளம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். சில நாட்களில் அந்தச் சொல் நுனிநாக்கு வரை வந்து போனது. பொய் ஏன் சொல்வேன், அவரில்லாத குழுவை நினைத்துப் பார்க்கச் சுகமாக இருந்தது.

அப்போது நாங்கள் வேலை செய்த காணி சிலாவத்துறையிலிருந்து சற்று உள்ளே, ஒரு முஸ்லிம் அம்மாவின் காணி; உம்மா என்றுதான் கூப்பிடுவோம். புத்தளத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பியவர். மாரி மழைக்கு முன்னர் வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட வேண்டும் என்று தினமும் நாடாவுக்கு வெளியே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு மத்தியான வெயிலில் நான் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தபோது, தாழ்வுபாட்டு அண்ணை தனக்கென்று பிரித்துக் கொடுத்த ஒடுங்கிய லேனில் வைசரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வேலை செய்வதைக் கண்டேன். வைசர் என்பது முகத்தை மூடும் தடித்த கண்ணாடி. வெடித்தால் கண்ணைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான். விசிலை ஊதினேன். விசில் ஊதினால் எல்லோரும் வேலையை நிறுத்தித் திரும்பிப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள்.

"அண்ணை! வைசரை இறக்குங்கோ!"

"வேர்வையிலை ஒண்டும் தெரியேல்லை மேடம்."

"தெரியாட்டி வெளியிலை வந்து துடைச்சுப்போட்டுப் போங்கோ. கண் போனாப் பிறகு ஆரைக் கேக்கிறது?"

"என்ரை கண்தானே."

"உங்கடை கண் இல்லை. நான் இதிலை நிக்கும் வரைக்கும் அது என்ரை கண். இறக்குங்கோ!"

சத்தம் கொஞ்சம் கூடித்தான் போனது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. வைசரை இறக்கினார். அன்று பின்னேரம் வரை தண்ணீர்கூடக் குடிக்க வரவில்லை.

மறுநாள் காலை வரிசையில் நின்றபோது அவரைப் பார்த்தேன். கண்கள் சிவந்து கிடந்தன. பாதுகாப்பு ஜாக்கெட்டின் ஒரு பக்கப் பட்டி பூட்டப்படாமல் தொங்கியது; அது அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவளின் தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தன் இடுப்பில் கொழுவியிருந்தார். நான் அவருக்கு முன்னால் போய் நின்று வாயைத் திறப்பதற்குள் "சுகம் மேடம்" என்றார். நான் கேள்வியே கேட்கவில்லை.

வழக்கப்படி அவர் சொன்னதை நம்பி அடுத்த ஆளிடம் போக வேண்டும். ஒருவருக்கு மனம் சரியில்லை என்று இன்னொருவர் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அது ஒரு மனிதரை எல்லோர் முன்னாலும் பொய்யர் என்பதற்குச் சமம். ஆனால் பூட்டாத அந்தப் பட்டி என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"அண்ணை, இண்டைக்கு நீங்கள் உள்ளுக்குப் போகவேண்டாம்."

"நான் சுகம் எண்டு சொன்னனான்."

"கேட்டது. போகவேண்டாம்."

"நான் சொன்னது பொய் எண்டு சொல்லுறியளோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. கூடாரத்திலை இருங்கோ."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். ஜாக்கெட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார்.

நான் அடுத்த ஆளிடம் போனேன். எப்போதும் வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளை அவள். நேற்றுச் சிரித்தவளும் அவள்தான். "சுகமோ?" என்றேன்.

"மனம் சரியில்லை" என்றாள்.

போய்க் கூடாரத்தில் இருந்தாள். அடுத்தவர். "மனம் சரியில்லை மேடம்." அதற்கடுத்தவர். "எனக்கும் மனம் சரியில்லை." வரிசை என் கண் முன்னாலேயே கரைந்தது. கடைசி ஆள் சொல்லவும் வெட்கப்பட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டே கூடாரத்துக்குப் போனார். ஏன் என்று நான் ஒருவரையும் கேட்க முடியாது. கேட்கக் கூடாது என்பதுதானே வழக்கம்! என் கையாலேயே என் வாயைக் கட்டிப்போட்டார்கள். வெட்டவெளியில் நானும் விசிலும் மிஞ்சினோம்.

ஆத்திரம் எரிந்துகொண்டு வந்தது. அழுகையும் வந்தது. அழுதால் தொலைந்தேன் என்று வாகனத்துக்குப் பின்னால் போய் நின்றேன். அந்த நேரம் பார்த்து வோக்கி-டோக்கியில் மனேச்சரின் குரல். எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறார்கள் என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை சேர்."

"என்ன? ஏன்?"

"எல்லாருக்கும் மனம் சரியில்லை." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும்" என்றேன்.

அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு "நான் வாறன்" என்றார்.

நானும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கூடாரத்துக்குள் போனேன். வேறு என்ன செய்ய? அந்த அண்ணைக்கு எதிரே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. முதலுதவிக்காரர் மட்டும் இருக்கிற பஞ்சை எடுத்து எடுத்துத் திரும்ப அடுக்கினார். வெயில் ஏற ஏறக் கூடாரம் அவித்தது.

உம்மா அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? பொறுத்துப் பார்த்துவிட்டு, பாதுகாப்பான வழியால் சுற்றி வந்து கூடார வாசலில் நின்றார்.

"என்ன புள்ளையள், எல்லாரும் நிழல்ல குந்திக்கிட்டு இரிக்கிறீங்க? இண்டைக்கு என்ன பெருநாளா?"

உம்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சண்டையா? உங்களுக்குள்ள சண்டையா? அல்லாவே! ஊர்ச் சண்டை முடிஞ்சிதான் நாங்க வந்தம். உங்கட சண்டை எப்ப முடிய, எங்கட ஊட்டுக்கு எப்ப குழி வெட்ட?"

அண்ணை தலையை நிமிர்த்தினார். உம்மாவைப் பார்க்காமல் கூடாரச் சீலையைப் பார்த்தே பேசினார்.

"இவைக்கு ஒண்டுமில்லை உம்மா. எனக்குத்தான் மனம் சரியில்லை. என்ரை தலையைத் தாண்டி ஒரு ஆளை வைச்சிட்டினம். எனக்கு அது செமிக்கேல்லை. அவ்வளவுதான்."

இத்தனை கிழமையாக எல்லோருக்கும் தெரிந்த விடயம்தான். ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. உம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, "அதுக்கு என்ட காணி என்ன செஞ்சிச்சு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அண்ணை மற்றவர்களைப் பார்த்து, "எழும்புங்கோ. போய் வேலையைப் பாருங்கோ. எனக்காக ஒருத்தரும் இருக்கவேண்டாம்" என்றார்.

வாயாடிப் பிள்ளை, "சொன்னாப் பிறகு அண்டைக்கு உள்ளுக்குப் போகேலாது அண்ணை. நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லித் தந்தனீங்கள்" என்றாள்.

உண்மைதான். விளையாட்டுக்குச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். நானும் "ஒருத்தரும் போகேலாது" என்றேன். அந்த விடயத்தில் மட்டும் அவரும் நானும் அன்று ஒரே பக்கம் நின்றோம்.

மனேச்சர் புழுதி பறக்க வந்து இறங்கினார். கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "ஆர் தொடக்கினது?"

"நான்தான் முதல் ஆளை நிப்பாட்டினன் சேர். அவர் சுகம் எண்டுதான் சொன்னவர்" என்றேன்.

"பிறகேன் நிப்பாட்டினனீ?"

"உள்ளுக்கு விடப் பயமா இருந்தது."

என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். வெளியே என்றாலும் நடுவில் வெறும் சீலை. உள்ளே இருந்தவர்கள் மூச்சையும் அடக்கிக்கொண்டு கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

"இப்ப சொல்லு. அனுப்பட்டோ?"

என்னவொரு சுலபமான கேள்வி! ஓம் என்றால் நாளைக்கு முன் சீட்டில் நிம்மதியாக இருந்து வரலாம். ஓம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. நான் நல்லவள் என்பதால் சொல்லாமல் விடவில்லை. நாளைக் காலை வரிசை கண்ணில் வந்தது. மனம் சரியில்லை என்று இருத்தப்பட்டவர் வேலை இழந்து வீட்டுக்குப் போயிருப்பார். அதற்குப் பிறகு நான் "சுகமோ?" என்று கேட்டால், பிள்ளை செத்த வீட்டிலிருந்து வந்தவள்கூட "சுகம் மேடம்" என்றுதான் சொல்லுவாள். சொல்லிவிட்டு உள்ளே போய் முழங்காலில் இருப்பாள்.

"இல்லை சேர். இவரை அனுப்பினா நாளையிலை இருந்து ஒருத்தரும் எனக்கு உண்மை சொல்லமாட்டினம்."

"திரும்பவும் இப்பிடி நடந்தா?"

"என்ரை பொறுப்பு."

"உன்ரை வேலையும் போகும், தெரியுமோ?"

"தெரியும்."

மனேச்சர் வாகனம் ஏறிப் போனார். கூடாரத்துக்குள் திரும்பியபோது ஒருவரும் நன்றி சொல்லவில்லை. அண்ணை நான் வருவதைக் கண்டதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை வரிசையில் அவர் முன்னால் போய் நின்றேன். "சுகமோ?"

ஜாக்கெட் பட்டியைக் கழற்றினார். பிறகு, "மனம் சரியில்லை" என்றார். தானாகவே கூடாரத்துக்குப் போனார். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். குழுவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் விறைப்பாக உட்கார்ந்து குச்சிகளுக்கு மை பூசினார், நான் கணக்கில் எடுக்காதது போல மற்றவர்களை உள்ளே அனுப்பினேன். கந்தோரிலிருந்து கேட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு நாளும் யோசித்தேன். ஒருநாள் காலை அவர் பட்டிகளையெல்லாம் பூட்டிக்கொண்டு வந்து நின்று, கேட்ட பிறகு, "சுகம்" என்றார். அவர் லேனுக்குள் போவதை நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அந்தக் காணியில் அவர் எடுத்த வெடிகள் பல. ஆடு நாடாவை அறுத்தால் யாரும் சொல்லாமல் கட்டினார். ஆனால் என்னோடு வேலைக்குத் தேவையில்லாத ஒரு சொல்கூடப் பேசவில்லை. எனக்கு அது அவருடைய பழைய குத்தல் கதைகளைவிட மோசமாக இருந்தது. வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவளிடம் இப்படியா என்று வீட்டில் அம்மாவிடம் புறுபுறுத்தேன்.

காணி முடிந்த நாள் எல்லைக் குச்சிகளைப் பிடுங்கினோம். அவர் ஒரு கரையிலிருந்தும் நான் மறுகரையிலிருந்தும் பிடுங்கிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தோம். பக்கத்தில் ஒருவரும் இல்லை. உம்மாவின் ஆட்கள் அங்கால் கயிறு பிடித்து அத்திவாரத்துக்கு அளந்துகொண்டிருந்தார்கள்.

"அண்டைக்கு விடிய வரேக்கை, எங்கடை றோட்டிலை சைக்கிளைக் கொண்டுபோய் ஒரு மாட்டோடை மோதினனான்" என்றார்.

"எண்டைக்கு?"

"நீங்கள் என்னை நிப்பாட்டின அண்டைக்கு. நடு றோட்டிலை நிண்ட மாடு. வெள்ளை மாடு. நல்லா விடிஞ்சும் போச்சு. எனக்குத் தெரியேல்லை. உங்களை என்னென்ன கேக்கவேணும் எண்டு யோசிச்சுக்கொண்டு வந்தனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவ்வளவு பெரிய மாட்டைக் காணாத மனிதர் அன்று எதைத் தேடிப் போக இருந்தார்!

"அப்ப நான் நிப்பாட்டினது சரி எண்டு தெரிஞ்சும் ஏன் அண்ணை இவ்வளவு நாளும் என்னோடை கதைக்கேல்லை?"

அவர் கையிலிருந்த குச்சிகளைத் தட்டி மண்ணை உதிர்த்தார்.

"அதாலைதான். நீங்கள் பிழையா நிப்பாட்டியிருந்தா நான் எப்பவோ மன்னிச்சிருப்பன்."